மனு எண் இருபத்தேழு

மார்ச் 4

மாப்ளே,

நான் ஒண்ணும் அவங்களோட கூட்டு இல்ல. காலங்காத்தால உங்கக்காவுக்கு போன் போட்டு, "உன் புருஷன் ஹேக்கர் கூட்டத்தோட சேர்ந்துக்கிட்டு என் கழுத்தை அறுத்துட்டான்"னு கத்திட்டு வச்சுட்டியாமே. மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் மாமா, இப்ப 'உன் புருஷன்' ஆயிட்டேனா? சரி. திரும்பக் கூப்பிட்டா உன் போன் ஆஃப். அதான் பேப்பரை எடுத்துட்டேன். பதில் சொல்லாம விட்டா எனக்குச் சோறு இறங்காது.

நான் ஆறாங்கிளாஸோட நின்னவன். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல முப்பத்தோரு வருஷம் பட்டன் அமுக்கினவன். எனக்குத் தெரிஞ்ச மிஷினுக்கு மேலே, கீழே, அவ்வளவுதான். நான் போய் உங்க குடிநீர் வாரியத்து வெப்சைட்டை உடைச்சேனாம். உடைச்சிருந்தா இந்நேரம் தெரு பூராப் பெருமை அடிச்சிருக்க மாட்டேனா?

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாயில ஊசியைக் கடிச்சுக்கிட்டே ஓடி வந்து போனை நீட்டினாரு. உங்க வாரியத்து முதல் பக்கத்துல அமைச்சர் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு நிப்பாரே, அந்த இடம் பூரா கறுப்பு. கறுப்புக்கு நடுவுல நான் உன் ஆபீசுக்குப் போட்ட மனு, என் கையெழுத்துலயே. "மூணு வருசமா எங்க வீட்டுக் கொழாயில ஒரு சொட்டு தண்ணி இல்ல. கேக்க நாதி இல்ல." அதுக்குக் கீழே, 'அரசு பூட்டி வைத்ததை நாங்கள் திறந்து வைக்கிறோம். இப்படிக்கு, சாவிக்கொத்து.'

தையல்காரர் ஊசியை எடுத்துட்டுக் கேட்டாரு, "ஏண்ணே, உங்க வீட்ல தண்ணி வராதா? நேத்துகூட உங்க மாடித் தொட்டி வழிஞ்சு என் துணியெல்லாம் நனைஞ்சுதே?"

"அது வேற தண்ணி"ன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

பொய் மனுதான், ஒத்துக்கறேன். ஏன் போட்டேன்னு உனக்கும் தெரியும். நீ எங்க வீட்டுப் படி ஏறல. லெட்டர் போட்டா பதில் இல்ல. ஆனா மனு போட்டா முப்பது நாள்ல பதில் போட்டே ஆகணும்னு உங்க ஆபீஸ் சுவத்துல போர்டு மாட்டி வச்சிருக்கீங்க. மனுப் பிரிவுக்கு அதிகாரி யாரு? நீ. நான் போட்டது நாப்பத்தோரு மனு, வந்தது நாப்பத்தோரு பதில். எல்லாத்துலயும் 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அதை உங்கக்கா கண்ணாடி மாட்டிக்கிட்டு, நீ நலம் விசாரிச்சு எழுதின மாதிரி வாசிப்பா. "இந்தத் தடவை கையெழுத்து கொஞ்சம் கோணலா இருக்கே, தம்பிக்கு உடம்பு முடியலையோ?"ம்பா.

இப்ப நீ ஒண்ணு சொல்லு. லட்சம் மனு கிடக்கற இடத்துல அவங்க ஏன் என்னோடதை எடுத்தாங்க?

மாமா (உன் அக்கா புருஷன்)

மார்ச் 7

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். என்னுடைய இரண்டு போன்களையும் விசாரணைக்காக வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரையும் எடுத்துப் போய்விட்டார்கள். ஆகையால் கடிதம் எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. உறவு புதுப்பிக்கப்பட்டதாகக் கருத வேண்டாம்.

தங்கள் கேள்விக்குப் பதில்: வாரியத்தின் கம்ப்யூட்டரில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் மனுக்கள் திறந்தே கிடக்கின்றன. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஃபோல்டர் ஒன்றே ஒன்றுதான். அதற்கு 'ரகசியம்' என்று பெயர். அதில் இருந்தவை தங்களுடைய நாற்பத்தொரு மனுக்கள்.

பூட்டியவன் நான். எழுத்தர்கள் படித்துச் சிரிக்கக் கூடாது என்று பூட்டினேன். மனு எண் பத்தொன்பதில் 'அதிகாரி சின்ன வயசுல பல்லிக்குப் பயந்து மேசை மேல ஏறி நின்னவரு, அவரு எங்க சாக்கடைக்குள்ள இறங்கப் போறாரு' என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் எந்த அலமாரியில் வைப்பது? உள்ளே புகுந்தவர்கள், அரசு மறைத்து வைத்திருக்கும் பெரிய உண்மை இதுதான் என்று எண்ணிவிட்டார்கள். நாற்பத்தொன்றில் இருபத்தேழாவதைத் தேர்ந்தெடுத்து முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். நீங்கள் அந்த வரியை எழுதிய வாரத்தில்தான், மாடித் தொட்டி தினமும் நிரம்பி வழிகிறது என்று அக்கா என் மனைவியிடம் போனில் அலுத்துக்கொண்டாள்.

நான் இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறேன். ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கிறது. மக்கள் குறையைத் திட்டமிட்டு மறைத்தேன் என்று விசாரணை அதிகாரி அம்மையார் முடிவு செய்தால் வேலையை விட்டே நீக்குவார்கள். முப்பத்து நான்கு வருட வேலை.

பழையதைக் கிளற விருப்பம் இல்லை. ஆனாலும் கிளறுகிறேன். என் மகள் கல்யாண வரவேற்பில், எங்கள் இயக்குநர் எதிரில், நான் துறைத் தேர்வை நான்காவது தடவையில் பாஸ் செய்த கதையையும், மூன்றாவது தடவை தேர்வு ஹாலிலேயே தூங்கிப்போன கதையையும் நடித்துக் காட்டினீர்கள். குறட்டையோடு. இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் தூங்குமூஞ்சி. இப்போது 'மக்கள் குறையில் தூங்கிய தூங்குமூஞ்சி' என்று செய்தித்தாளே போடுகிறது.

பத்திரிகைக்காரர்கள் தங்களைத் தேடி வருவார்கள். தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் மைத்துனன்

மார்ச் 10

மாப்ளே,

லெட்டர் நேத்துதான் வந்துச்சு. வாயைத் திறக்காதேன்னு எழுதியிருக்கே. திறந்து அஞ்சு நாளாச்சு.

அஞ்சாந்தேதியே வாசல்ல நாலு கேமரா. மைக்கைப் பிடிச்ச பொண்ணு, "ஐயா, அந்தக் குழாயைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னுச்சு. உள்ளே உங்கக்கா பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கா. தண்ணி கொட்டற சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது.

"அது என்னய்யா சத்தம்?"

"டிவிம்மா"ன்னேன். "வீட்டுக்காரி படுத்திருக்கா, எழுப்பிட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டுப் பின்பக்கமா ஓடி, மீட்டர்கிட்ட இருக்கற வால்வை ஸ்பேனர் போட்டு இறுக்கி மூடினேன். எழுபத்தி நாலு வயசுல நான் ஓடின ஓட்டத்தை நீ பார்த்திருக்கணும்.

அப்புறம் கேமராவைக் கூட்டிட்டுப் போய்க் குழாயைத் திறந்தேன். 'புஸ்'ஸுன்னு காத்து வந்துச்சு. அந்தப் பொண்ணுக்குக் கண்ணே கலங்கிருச்சு. உங்கக்கா கை நிறைய சோப்பு நுரையோட நின்னு என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு, அதைப் படம் புடிச்சு 'தண்ணீருக்கு ஏங்கும் தாய்'னு சாயங்காலம் டிவியில போட்டுட்டாங்க. அது ஏக்கம் இல்லடா, என்னைக் கொல்ற பார்வை.

அன்னையிலேர்ந்து வால்வைத் திறக்க முடியல. வாசல்ல எந்நேரமும் ஆளு. எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் ஸ்பீக்கர் கட்டின வண்டியில வந்து, என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, "இவர் கண்ணில் வரும் சொட்டு, இவர் குழாயில் வரவில்லை"ன்னு அரை மணி நேரம் பேசினாரு. காலேஜ் பசங்க 'ஒரு சொட்டு இல்ல'ன்னு சட்டையில அச்சடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியறாங்க. எனக்கும் ஒண்ணு கொடுத்தாங்க. கொஞ்சம் பெருசு.

இந்தச் சாவிக்கொத்துக்காரங்க சும்மாவும் இருக்கல. மின்சார வாரியம், நில அளவைத் துறை, ரெண்டு வெப்சைட்டையும் உடைச்சு அங்கயும் என் மனுவை ஒட்டிட்டாங்க. நில அளவைக்கும் என் குழாய்க்கும் என்ன சம்பந்தம்னு தெரியல. ஆனா எழுத்து பெருசா, நல்லாத் தெரியுது. முப்பத்தோரு வருஷம் மேலயும் கீழயும் போனேனே, ஒருத்தராவது என் முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பாங்களா? எல்லாரும் நம்பர் மாறறதைத்தான் பார்ப்பாங்க. இப்ப வரிசையில நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. கொஞ்சம் ருசியாத்தான் இருக்கு மாப்ளே.

உங்கக்காதான் பேச்சை நிறுத்திட்டா. தையல்காரர் வீட்லேர்ந்து தினம் நாலு வாளி தூக்கறா.

தேர்வு விஷயத்தைப் பெருமையாத்தான் சொன்னேன். நாலு தடவை எழுத எவனுக்குப் பொறுமை இருக்கு? குறட்டைதான் கொஞ்சம் நீளமாப் போயிருச்சு.

ஒரு சொட்டு

மார்ச் 13

மாமா,

கீழே 'ஒரு சொட்டு' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்கு மூட்டு வலி. அவள் நாலு வாளி தூக்குகிறாள், நீங்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள்.

நேற்று மூன்று மணி நேரம் விசாரணை. அம்மையார் கேட்டது ஒரே கேள்வி. "ஏன் பூட்டினீங்க?"

உங்களுக்குப் போன கடிதத்தில் பாதிக் காரணத்தைத்தான் எழுதினேன். மீதியைக் கேளுங்கள். மனு வந்தால் இன்ஜினீயரை நேரில் அனுப்பிப் பார்க்க வேண்டும், அது விதி. உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்திருப்பார். பொய் மனு என்று எழுதியிருப்பார். பொய் மனுவுக்கு ஆறு மாதம் வரை சிறை. நாற்பத்தொரு மனுவுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் ஒன்றைக்கூட அனுப்பவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று போட்டுப் பூட்டி வைத்தேன். மூன்று வருடம் உங்களைக் காப்பாற்றிய வரி அது. பேசாமல் இருந்தாலும் அக்கா புருஷன், என்ன செய்வது?

அம்மையாரிடம் உண்மையைச் சொன்னால் நீங்கள் உள்ளே போவீர்கள். சொல்லாவிட்டால் நான் வெளியே போவேன். 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இருபதாம் தேதி முடிவு சொல்வார்கள்.

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். வால்வை மட்டும் திறந்துவிடுங்கள். அக்கா தூக்கியது போதும்.

மார்ச் 16

மாப்ளே,

உன் லெட்டரை உங்கக்காவுக்குச் சத்தமா வாசிச்சேன். பாதியில எனக்கு முடியல. மிச்சத்தை அவளே வாங்கி வாசிச்சா. பெட்டியிலேர்ந்து ஸ்பேனரை எடுத்து என் மடியில வச்சா.

நேரா எழுந்து போனேன். வாசல்ல அம்பது பேர், ஸ்பீக்கர்காரர், கேமரா. எல்லாரும் பார்க்க வால்வைத் திறந்து, ஹோஸ் பைப்பை வாசலுக்கு இழுத்துட்டு வந்தேன். தண்ணி சும்மா பீச்சிக்கிட்டு அடிக்குது. அப்புறம் ஸ்பீக்கர்காரர், "இது நம் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி!"ன்னு ஒரு கத்து கத்தினாரு. கைதட்டு கூரையைப் பிளக்குது. நான் "ஐயா, பொய்யா, மூணு வருஷமும் வந்துச்சுய்யா"ன்னு கத்தறேன். யாரு காதுல விழுது? என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. மேல நின்னுக்கிட்டும் "பொய், பொய்"னேன். "அரசின் பொய்!"னு கீழேர்ந்து கூடச் சேர்ந்து கத்தறாங்க. வாழ்க்கையிலயே நான் முதல் தடவையா உண்மை பேசறேன், நம்ப ஒரு ஆள் இல்ல.

அதான் நேரா அந்தச் சாவிக்கொத்துக்கே எழுதிட்டேன். கறுப்புப் பக்கத்துக்கு அடியில ஒரு விலாசம் போட்டிருந்தாங்க. நான் சொல்லச் சொல்லத் தையல்காரர் போன்ல தட்டினாரு. "தம்பிங்களா, தங்கச்சிங்களா, நீங்க யாருன்னு தெரியாது. நல்ல காரியம்னு நினைச்சுச் செஞ்சீங்க. ஆனா நான் பொய்யன். எங்க வீட்ல தண்ணி நல்லா வருது. அந்த அதிகாரி என் பொண்டாட்டியோட தம்பி. கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தான், அவன்கிட்டேர்ந்து பதில் வாங்கத்தான் மனு போட்டேன். நான் ஜெயிலுக்குப் போகக் கூடாதுன்னுதான் அவன் பூட்டி வச்சான். அவன் வேலை போகப் போகுது. அதை எடுத்துடுங்க."

ஒரு மணி நேரத்துல பதில் வந்துச்சு. "உங்களை யாராவது மிரட்டினார்களா?"

"ஆமா, என் பொண்டாட்டி"ன்னு போடச் சொன்னேன். தையல்காரர் மாட்டேன்னுட்டாரு. "யாரும் இல்லை"ன்னு போட்டாரு.

இன்னைக்குக் காலைல பார்த்தா உங்க வாரியத்து வெப்சைட்டை மறுபடியும் உடைச்சிருக்காங்க. மேல பெருசாத் 'திருத்தம்'. நான் அவங்களுக்கு எழுதின லெட்டரை அப்படியே போட்டு, "விசாரிக்காமல் போட்டது எங்கள் தவறு. இவர் வீட்டில் தண்ணீர் வருகிறது. இவர் மனுவைப் போட்ட நாளிலிருந்து நாங்களே மற்ற தெருக்களில் போய்ப் பார்த்தோம். கீழே உள்ள முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் வருவதில்லை"ன்னு வரிசையா விலாசம். உங்க வாரியம் என்னைக்காவது ஒரு திருத்தம் போட்டிருக்கா மாப்ளே? திருட்டுத்தனமா உள்ளே வந்தவங்க போட்டுட்டுப் போயிருக்காங்க.

வாசல்ல இப்ப ஒரு ஈ காக்கா இல்ல. சட்டைக்காரப் பசங்க சட்டையைத் திருப்பிக் கேட்டாங்க. பாத்திரம் துடைக்க உங்கக்கா எடுத்துட்டான்னு சொன்னேன்.

விசாரணை அம்மாவுக்கும் எல்லாத்தையும் என் கைப்பட எழுதிப் பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன். ஆறு மாசம் உள்ளே போட்டா போடட்டும். பொழுது போக அங்க ஒரு லிஃப்ட் இருந்தா தேவலை.

உங்கக்கா இப்ப பேசறா. திட்டிக்கிட்டுத்தான். ஆனா பேசறா.

மாமா

மார்ச் 24

மாமாவுக்கு,

முடிவு சொல்லிவிட்டார்கள். வேலை போகவில்லை. கடுமையான எச்சரிக்கையோடு விட்டார்கள். உங்களுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் தனியாக வரும். பொய் மனு என்று அம்மையார் பேனாவை எடுத்தார். "வயசு என்ன?" என்று கேட்டார். எழுபத்து நான்கு என்றேன். "இவரை உள்ளே வச்சா அங்கேர்ந்தும் மனு போடுவாரே" என்று சொல்லிவிட்டு எச்சரிக்கை என்று எழுதினார்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். பதிவுக்காக நாற்பத்தொரு மனுக்களையும் அம்மையார் சத்தமாக வாசித்தார். பல்லி மனு வந்தபோது குழுவில் இருந்த மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் சிரித்துவிட்டேன் மாமா. அடக்க முடியவில்லை.

பிறகு முப்பத்து மூன்றாவது வந்தது. உங்களுக்கு நினைவிருக்கிறதா? 'இந்த மாசம் கொறை ஒண்ணும் இல்ல. உங்கக்காவுக்குக் கண் ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சிது. பதில் போடவும்.' அதற்கு நான் போட்ட பதிலையும் வாசித்தார். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதுக்குமா?" என்றார்.

அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் நானே நேரில் போய்ப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவு. ஓய்வு பெறுவதற்குள் முடிக்க வேண்டும். இரண்டு நாளில் பதினாறு வீடு பார்த்தேன். எல்லாம் உண்மை. ஒரு வீட்டில் குழாயில் துணி காயப் போட்டிருந்தார்கள். இத்தனை வருடமும் நான் மேசையில் உட்கார்ந்து பரிசீலித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பட்டியலில் முன்னூற்றுப் பதின்மூன்றாவதாக உங்கள் வீட்டையும் சேர்த்திருக்கிறார்கள், மனுவை முறைப்படி முடித்து வைக்க. இருபத்தெட்டாம் தேதி பதினொரு மணிக்கு வருகிறேன். இது அரசு வேலை. அக்காவிடம் தடபுடல் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மைத்துனன்

மார்ச் 28

படிவம் 6. மனுதாரர் வாக்குமூலம் (தேவையானால் பின்பக்கம் தொடரவும்)

மாப்ளே, எதிர்ல உட்கார்ந்திருக்கறவனுக்கு எதுக்கு லெட்டர்னு முறைக்காதே. இந்தக் கட்டத்துல வாக்குமூலம் எழுதுங்கன்னு நீதான் பேனாவைக் கொடுத்தே. நான் என் பாட்டுக்கு எழுதறேன், நீ உன் பாட்டுக்கு உட்காரு.

குழாய்ல தண்ணி வருது. நீயே திறந்து பார்த்தே, சட்டையெல்லாம் நனைச்சுக்கிட்டே. நனைஞ்ச சட்டையை உங்கக்கா கழட்டச் சொல்லி, இப்ப என் சட்டையில உட்கார்ந்திருக்கே. அரசு அதிகாரி மாதிரியே இல்ல. மனுதாரர் மாதிரி இருக்கே.

பதினொரு மணிக்கு வந்தே. இப்ப மணி ரெண்டரை. "ஒரு வாய் போதும்"னு உட்கார்ந்து ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டே. உங்கக்கா உன்னை ஒரு கேள்வி கேட்கல பார்த்தியா, ஏன் வரலேன்னு? மூணு வருஷமா என்னைத்தான் கேட்டா. நீ உள்ளே நுழைஞ்சதும் "ஏன்டா இளைச்சுட்டே"ன்னு ஒண்ணு கேட்டதோட சரி. உனக்கு இப்ப தொப்பை மேசையில இடிக்குது.

வாக்குமூலத்தைச் சீக்கிரம் முடிங்கன்னு கையைக் காட்டறே. முடிச்சுக் கையெழுத்துப் போட்டா நீ பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவே. அதான் பொடி எழுத்தா எழுதறேன். பின்பக்கமும் இருக்கு.

இரு, முக்கியமானது இப்பத்தான் வருது. கல்யாண வரவேற்புல நான் செஞ்சது தப்பு. சிரிக்க வைக்கணும்னு ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. லிஃப்ட்ல ஆளுங்க பயந்துக்கிட்டு நிப்பாங்க, உள்ளே யாருக்கு என்ன ஆச்சோன்னு, அவங்களைக் கொஞ்சம் சிரிக்க வச்சு இறக்கி விடுவேன். அந்தப் பழக்கம். அன்னைக்கு உன் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கணும். பார்த்திருந்தா உன் முகம் போன போக்குக்கு நிறுத்தியிருப்பேன். பார்க்கல. அதனால மனுதாரராகிய நான், என் சொந்த புத்தியோட, யாரும் மிரட்டாம எழுதிக் கொடுக்கறது என்னன்னா

ஏன் எழுந்திரிக்கறே? உட்காருடா, மன்னிப்புங்கற வார்த்தைக்கு வந்துட்டேன், ஒரே ஒரு வரி. இதை எழுத எனக்கு மூணு வருஷம் ஆயிருக்கு, உனக்கு ரெண்டு நிமிஷம் இருக்க முடியலையா? சரி போ, இன்னும் எத்தனை வீட்ல காஞ்சு கிடக்கோ, போய்ப் பாரு, நான் எழுதித் தபால்ல

ஏய், பையை இங்கயே வச்சுட்டே. வாசல் இந்தப் பக்கம் மாப்ளே. நீ பாட்டுக்கு அடுப்படிக்குள்ள